நிறுவனங்களில் அறிவைப் பேணுவோர்



இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நம்மிடையே துறைமுகத்திலோ ஆலையிலோ உழைத்தவர் இல்லாத குடும்பம் அரிது. எந்த மூட்டையை எங்கு அடுக்கினால் கப்பலில் சரக்குச் சாயாது என்பதும், பொறியின் ஓசை மாறினால் எந்த உறுப்புப் பழுது என்பதும் நம் முன்னோர்க்குத் தெரியும். எனினும் அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கொள்கலன் முனையம் வந்தது. மூட்டை சுமந்த கைகளுக்கு வேலை குறைந்தது. அக்கைகள் கற்றிருந்தவற்றை எழுதி வைப்பார் எவருமிலர்.

இத்தகைய அறிவைத் தேடித் தொகுத்து, வேண்டுவோர்க்கு வேண்டிய வேளையில் தருதலையே இன்று அறிவு மேலாண்மை என்கின்றனர். ஜப்பானிய அறிஞர்கள் நொனாகாவும் தக்கேயுச்சியும் 1995இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி உண்டு. மட்சுசிட்டா நிறுவனம் வீட்டிலேயே ரொட்டி செய்யும் பொறியை உருவாக்க முனைந்தது. மாவு சரிவரப் பிசையப்படவில்லை. இக்குக்கோ தனாக்கா என்னும் மென்பொருள் வல்லுநர் ஒசாக்கா நகர விடுதி ஒன்றின் ரொட்டிக் கலைஞரிடம் சென்று பயின்றார். அக்கலைஞர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்தார்! அம்முறுக்கலைப் பொறிக்குள் அமைத்த பின்னரே முயற்சி கைகூடிற்று. படித்த பெண்மணி சமையற்காரரிடம் மாணவியாய் நின்றார். நம் ஆலைகளில் மேலதிகாரி தொழிலாளியிடம் அவ்வாறு நிற்பாரா? ஐயமே.

இப்பணிக்கு அடிப்படை நூலகக் கல்வி. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, பதிவேடுகளை அட்டவணைப்படுத்தி வைத்தல் பொது அலுவலகங்களின் கடமை என்கிறது. ஆயினும் நம் உறுப்பினர் ஒருவரின் ஓய்வூதியம், பணிப்பதிவேடு அகப்படாமையால் நெடுங்காலம் தடைப்பட்டதை நாம் கண்டோம். பதிவேட்டைக் காப்பவர் குமாஸ்தாவினும் தாழ்ந்தவர் என்று எண்ணுவோர் அந்த வீட்டிற்குச் சென்று கேட்கட்டும்.

நம் வரலாறும் இவ்வாறே தப்பியது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைப் பல்லாண்டுகள் நாடு மறந்திருந்தது. அன்பு பொன்னோவியம் போன்றோர் காத்து வைத்த இதழ்களே, ஞான. அலாய்சியஸ் 1999இல் பண்டிதரின் சிந்தனைகளைத் தொகுதிகளாக வெளியிடத் துணைநின்றன. அவர்கட்கு அப்பணிக்கென ஊதியமோ பதவிப் பெயரோ இருந்ததில்லை. இன்று இரண்டும் உண்டு. எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் நூலக, தகவல் அறிவியல் பட்டப்படிப்பில் சேரலாம். பொறியியலும் மருத்துவமும் மட்டுமே படிப்பென்று மயங்கிக் கிடக்கும் பெற்றோர் இதனைச் செவிமடுப்பாராக.

நம் சங்கத்தின் இருபத்தைந்தாண்டு நடவடிக்கைக் குறிப்பேடுகள் அலுவலக அலமாரியில் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன. அவற்றிற்கு அட்டவணை இல்லை. இரு இளைஞர்கள் முன்வந்தால் வரும் ஞாயிறன்றே தொடங்கலாம். ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளர் நால்வர் அன்று வந்து, தம் தொழிலைச் சொல்லி எழுத வைக்க இசைந்துள்ளனர்.