உங்கள் கட்சிக்காரரிடம் நீங்களே சொல்லுங்கள்
(நம் குடியிருப்பின் குடியரசு தின விழாவில் பேசியது)

சுருக்கமாகவே பேசுகிறேன், பொங்கல் ஆறிவிடும்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறை. அன்றே தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில், சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்கு அ.தி.மு.க.வினர் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் ஓட்டல் வழக்குக்கும் என்ன சம்பந்தம்? மூவருக்குத் தூக்கு விதித்தார்கள். 2016இல் அது ஆயுளானது, 2018இல் விடுதலை.

தலைவருக்குத் தண்டனை என்றால் பஸ் எரியும் என்பது, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் என்பதுபோல் நமக்குப் பழகியிருந்தது. கடைக்காரர் ஷட்டரை இறக்குவார், அவ்வளவுதான். 2007இல் மதுரை தினகரன் அலுவலகத்தில் மூன்று ஊழியர்கள் செத்தது ஒரு கருத்துக்கணிப்புக்காக. அப்போது தி.மு.க. ஆட்சி.

நம் வாட்ஸ்அப் குழுவிலும் தேர்தல் சமயத்தில் "இவனுங்களை நடுரோட்டுல வெட்டணும்" என்று ஒரு வரி வந்தது. ஆறு பேர் கட்டைவிரல் போட்டார்கள். எழுதியவர் நல்ல மனிதர்தான், நமக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்.

அரசியல் பேசுங்கள், தாராளமாகச் சண்டையும் போடுங்கள். அப்படியொரு வரி மறுபடி வந்தால், அவர் கட்சியைச் சேர்ந்தவரே முதலில் "இதை எடுத்துடுங்க சார்" என்று சொல்ல வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் அவர் கேட்க மாட்டார்.