புகைக்குழாயும் வண்டியின் வலிமையும்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்போர் சிலர், சைலன்ஸரைக் கழற்றிவிட்டு அகன்ற புகைக்குழாயைப் பொருத்துகின்றனர். ஓசை பெருகுகிறது, வலிமையும் பெருகியதாக எண்ணுகின்றனர். காதை நம்பிக் கணக்கிடலாமா?

அடைபட்ட குழாய் வலிமையைத் தின்னும் என்பது மெய்தான். ஆனால் சிலிண்டரிலிருந்து புகை ஆறுபோல் ஓடிவருவதில்லை. நாடித்துடிப்பைப் போல் விட்டுவிட்டு வருகிறது. விரைந்து செல்லும் ஒவ்வொரு துடிப்பும் தன் பின்னே அழுத்தக் குறைவை உண்டாக்கி, எஞ்சிய புகையையும் இழுத்துச் செல்கிறது. புதுக் கலவை நுழைய இடம் பிறக்கிறது. குழாய் அளவுக்கு மீறி அகன்றால், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகையின் விரைவு தளர்கிறது, அவ்விழுப்பும் தளர்கிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் அதே குழாய் நன்மை செய்யக்கூடும். பாரம் ஏற்றிய வண்டி புறப்படுவதோ 2,000 சுற்றுக்குள்ளே அன்றோ!

இனி, கியர். 1969-இல் வந்த டர்போ ஹைட்ராமாட்டிக் 350 என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டி, எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலுள்ள வெற்றிடத்தைக் கொண்டே பளுவை அறிந்தது. இழுவை குறைந்தால் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மேலும் அழுத்துவார், வெற்றிடம் குறையும், பாரம் மிகுந்ததெனக் கொண்டு பெட்டி மேல் கியருக்கு மாறத் தாமதிக்கும், மாறும்போது குலுக்கலும் மிகும். உரிமையாளரோ குழாயை ஐயுறாமல், பழுதற்ற கியர்ப்பெட்டியைப் பிரிக்கச் சொல்வார்.