வழி அறியும் கலை



புதிய இடம் காணப் புறப்படுவோனுக்கு முதலில் வேண்டுவது வேகம் அன்று. திரும்பி வரும் வழியைப் பற்றிய அறிவு. இவ்வுண்மையைக் கணினி விளையாட்டு ஒன்று செவ்வனே கற்பிக்கின்றது. சுவீடன் நாட்டில் உருவாகி, 2011ஆம் ஆண்டில் முழுவடிவில் வெளிவந்த 'மைன்கிராஃப்ட்' என்பதே அது.

அவ்வுலகில் காடும் மலையும் கடலும் கண்ணுக்கெட்டாத் தொலைவு விரிந்து கிடக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 20 நிமிடங்களே. இருள் சூழ்ந்ததும் பகைப் பிராணிகள் தோன்றும். அவற்றால் மாள்வோன் சுமந்த பொருளெல்லாம் அவ்விடத்திலேயே சிதறும். மீண்டும் பிறந்தவன் அவற்றை மீட்க வேண்டுமாயின், அவ்விடம் எதுவென அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

இதற்கு வழிகள் நான்கு. முதலாவது, வானை நோக்குதல். அங்கும் கதிரவன் கிழக்கே எழுந்து மேற்கே மறைகின்றான். மேகங்கள் மேற்கு நோக்கியே செல்கின்றன. சூரியகாந்தி மலரோ எப்பொழுதும் கிழக்கு நோக்கியே நிற்கும்.

இரண்டாவது, அடையாளம் இடுதல். குகையுள் புகும்போது தீப்பந்தங்களை இடச்சுவரிலேயே பதித்துச் செல்க. மீளுங்கால் அவை வலப்பக்கம் அமையும். இடப்பக்கம் தோன்றுமாயின், இன்னும் உள்ளேதான் செல்கின்றோம் என்பது தெளிவு.

மூன்றாவது, கருவியின் இயல்பை உணர்தல். அவ்வுலகின் திசைகாட்டி வடக்கைக் காட்டுவதில்லை. ஆட்டம் தொடங்கிய இடத்தையே காட்டுகின்றது. நாம் பின்னர் வேறிடத்தில் கட்டிய வீட்டை அது அறியாது. 'நெதர்' என்னும் கீழுலகிலோ அதன் முள் இலக்கின்றிச் சுழலும். பெயரை மட்டும் நம்பிப் பின்செல்வோன் வழி தவறுவது உறுதி.

நான்காவது, எண்களைக் குறித்தல். கிழக்கே செல்லச் செல்ல எக்ஸ் என்னும் எண் கூடும். தெற்கே செல்ல இசட் கூடும். ஒய் என்பது உயரம். ஆயத்தொலைவு வடிவியல் எதற்குப் பயன்படும் என வகுப்பில் வினவும் மாணவர்க்கு இது தக்க விடை.

எண்களே போதுமே, வானை ஏன் பார்க்க வேண்டும் என்பார் சிலர். எண் நாம் நிற்கும் இடத்தை மட்டுமே கூறும். வீட்டின் எண்ணை முன்னரே குறித்து வைக்காதவனுக்கு அதனால் யாது பயன்? அத்தகையோனுக்கு நினைவில் நின்ற மலையும் கதிரவனுமே துணை. நம் வேலையைக் கருவிகள் எளிதாக்கலாம். நமக்காக உற்று நோக்குதல் அவற்றால் இயலாது. ஆட்டத்தில் இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். உற்று நோக்கும் பழக்கத்தை இளமையில் இழந்தவர் பின்னர் ஈட்டுதல் அரிது. கண்ணைத் திறந்து நடவுங்கள்.