தராசின் திரை நமக்கும் தெரியட்டும்
(தோட்ட மாதர் பிரதிநிதிகளுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



முன்பு கொழுந்து மடுவத்தில் தொங்கிய தராசின் முள் எங்கே நிற்கிறது என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். இப்போது பல தோட்டங்களுக்கு டிஜிட்டல் தராசும் தொடுதிரையும் வந்துவிட்டன. நிறை உடனே பதிவாகிறது. கையால் எழுதும்போது வரும் பிழை குறைகிறது. ஆகவே கருவியை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் திரை நிறுப்பவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு என்ன பயன்?

திரையில் மூன்று எண்களைப் பார்க்கப் பழகுங்கள்: மொத்த நிறை, கழிவு, மிச்ச நிறை. சாக்குக்கு எவ்வளவு, மழைத் தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது என்பதைக் கருவியில் பதிவது ஒரு மனிதர்தான். “மெஷின் கழித்துவிட்டது” என்றால், “எவ்வளவு ஐயா, ஏன்?” என்று கேளுங்கள்.

ஒரு நிறுவைக்கு 2 கிலோ கூடுதலாகக் கழித்தால் நாளுக்கு 3 நிறுவையில் 6 கிலோ போகும். 20 நாளில் 120 கிலோ! அந்த 6 கிலோவால் ஒருத்திக்கு அரைப்பேர் விழலாம். இன்னொருத்திக்குக் கைக்காசு போகலாம். சம்பளம் குறைந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் கட்டும் 8 சதவீதமும், தோட்டம் கட்டும் 12 சதவீதமும் சேர்ந்தே குறையும்.

இன்னொன்று. அநேகமான தொடுதிரைகள் விரலில் உள்ள மின்தன்மையை உணர்ந்துதான் வேலை செய்கின்றன. காய்ப்பேறிய விரலையும், மழையில் நனைந்த விரலையும் அவை சரியாக உணராது. அது உங்கள் படிப்பின் குறையல்ல. விரலையும் திரையையும் துடைத்துவிட்டு மறுபடி தொடுங்கள்.

நாம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை நான்கு:

1. நிறுக்கும்போது திரை தொழிலாளிக்கும் தெரிய வேண்டும்.
2. எழுத்துகள் தமிழிலும் இருக்க வேண்டும்.
3. ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டு தர வேண்டும்.
4. கருவி பற்றிய பயிற்சியை வேலை நேரத்தில், பேர் போட்டு நடத்த வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஆளுக்கொரு கொப்பி வையுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். திகதி, மூன்று நிறுவை, கழிவு, இவ்வளவு போதும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் கொப்பியோடும் துண்டுகளோடும் தோட்டத் தலைவரிடம் வாருங்கள். கையில் கணக்கு இருந்தால், பேச்சுவார்த்தை மேசையில் நமது குரலுக்கும் நிறை இருக்கும்.