வேலைக்காகச் சேர்க்கும் பணம்



அமெரிக்காவில் உடல் குறைபாட்டால் வேலைக்குப் போக முடியாமல், வேறு போதிய வருமானமும் இல்லாமல் இருப்பவர்களுக்கு மத்திய அரசு மாதந்தோறும் ஓர் உதவித்தொகை கொடுக்கிறது. ஆதரவற்ற முதியவர்களுக்கும் உண்டு. எஸ்.எஸ்.ஐ. என்று அங்கே எல்லாரும் சுருக்கமாகச் சொல்வார்கள். 1972-இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் அது. 1974 ஜனவரியில் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2025-ஆம் ஆண்டில் தனி ஒருவருக்கு மத்திய அரசு கொடுத்த அதிகபட்சத் தொகை மாதம் 967 டாலர். அந்த நாட்டு வீட்டு வாடகை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு சொற்பம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொகையோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. வாங்குகிறவரிடம் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது. குடியிருக்கும் வீட்டையும் ஒரு காரையும் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்றபடி வங்கியில் இருப்பது, கையில் இருப்பது எல்லாம் கணக்கில் வரும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பிறக்கும் நொடியில் உங்களிடம் எவ்வளவு இருந்தது என்று பார்ப்பார்கள். 2,001 டாலர் இருந்தால் அந்த மாதத்து உதவி கிடையாது. சங்கதி தாமதமாகத் தெரியவந்தால், ஏற்கெனவே வாங்கிச் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

1974-இல் இந்த வரம்பு 1,500 டாலராக இருந்தது. 1989-இல் 2,000 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு டாலர்கூட ஏறவில்லை. 1974-இன் 1,500 டாலர் இன்றைய விலைவாசியில் கிட்டத்தட்ட பத்தாயிரம் டாலருக்குச் சமம். அதாவது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஏழை எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்று அரசு நினைத்ததோ, அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இன்று அனுமதிக்கிறது. யாரும் திட்டமிட்டு இதைக் குறைக்கவில்லை. விலைவாசி ஏறஏற, வரம்பு தானாகவே சுருங்கிக்கொண்டு வந்தது.

நம் வீடுகளில் பாட்டிமார் அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் சிறுவாடு சேர்த்தார்கள். பேரனுக்குப் பள்ளிக் கட்டணம் என்றாலும், ஒரு தையல் இயந்திரத்துக்கு முன்பணம் என்றாலும் அந்தக் காசுதான் கைகொடுத்தது. எஸ்.எஸ்.ஐ. வாங்கும் ஒருவர் அப்படிச் சேர்க்க ஆரம்பித்தால், ஒரு கட்டத்தில் அந்தச் சேமிப்பே அவர் சாப்பாட்டைப் பறித்துவிடும்.

வேலைக்குப் போக வேண்டும் என்று விரும்புகிற ஒரு மாற்றுத்திறனாளியின் நிலையில் நின்று பாருங்கள். சம்பளம் பிறகுதான் வரும். படிப்புக் கட்டணம், கம்ப்யூட்டர், கருவிகள், போய்வர ஒரு வண்டி, அந்த வண்டியைக் கையாலேயே ஓட்டுவதற்கான மாற்றங்கள் என்று செலவு முதலில் வந்து நிற்கும். அந்தச் செலவுக்குச் சேர்த்தால் உதவி நின்றுவிடும். சேர்க்காமல் இருந்தால் வேலை கிடைக்காது.

இந்த விதிகள் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதற்குப் பால் லாங்மோர் வாழ்க்கை சாட்சி. சிறுவயதில் போலியோ தாக்கியவர். கைகள் செயலிழந்தன, மூச்சுவிட இயந்திரத்தின் துணை வேண்டும், அன்றாட வேலைகளுக்கு உதவியாளர் வேண்டும். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். வாயில் பேனாவைக் கவ்விக்கொண்டு விசைப்பலகையை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1988-இல் அதை வெளியிட்டது. பத்தாண்டு உழைப்பு. ஆனால் அந்தப் புத்தகத்துக்கு வரும் ராயல்ட்டியை உழைத்துச் சம்பாதித்த பணமாக அன்றைய விதிகள் ஏற்கவில்லை. சும்மா வந்த வருமானம் என்ற கணக்கில் வைத்தன. அதை வாங்கினால், அவரை உயிரோடு வைத்திருக்கும் உதவிகள் அறுந்துபோகும் அபாயம் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், லாஸ் ஏஞ்சலஸில் மத்திய அரசுக் கட்டடத்துக்கு முன்னால், தன் புத்தகத்தின் ஒரு பிரதியை அடுப்பில் இட்டு எரித்தார் லாங்மோர்.

சில ஆண்டுகளிலேயே சட்டம் திருத்தப்பட்டது. ராயல்ட்டி உழைப்பால் வந்த வருமானம் என்று ஏற்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் அதை லாங்மோர் திருத்தம் என்றே அழைத்தார்கள். அவர் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2010-இல் காலமானார். வேலை செய்யத் துடித்த ஒருவர் தன் பத்தாண்டு உழைப்பைத் தானே எரிக்க வேண்டிய அளவுக்கு ஒரு நல்லெண்ணச் சட்டம் இறுகிக் கிடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், அதே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே ஒரு வாசலும் இருந்தது என்பதுதான். பலருக்குத் தெரியாமலே கிடந்த வாசல். அதன் பெயர் சுருக்கமாகப் பாஸ். தன் காலில் நிற்பதற்கான திட்டம் என்பது அதன் முழுப் பொருள்.

ஒரு மாற்றுத்திறனாளி, தான் எந்த வேலைக்குப் போகப் போகிறார், அதற்கு என்ன படிப்பு, என்ன பொருள், எவ்வளவு செலவு, எவ்வளவு காலம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எஸ்.எஸ்.ஐ.யை நடத்தும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டால், அந்தத் திட்டத்துக்காக அவர் ஒதுக்கி வைக்கும் பணத்தை அவருடைய வருமானமாகவும் பார்க்க மாட்டார்கள், சேமிப்பாகவும் பார்க்க மாட்டார்கள். 2,000 டாலர் வரம்பு அந்தப் பணத்தைத் தொடாது.

ஒரு கணக்கைப் போட்டால் இதன் அருமை விளங்கும். நிதானமாகச் சொல்கிறேன், கையில் காகிதம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இது நான் கற்பனையாகச் சொல்லும் ஆள். விதிகளும் தொகைகளும் 2025-ஆம் ஆண்டுக்கு உரியவை. விபத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்து வரி கட்டியிருப்பதால், எஸ்.எஸ்.டி.ஐ. என்ற காப்பீட்டிலிருந்து மாதம் 900 டாலர் வருகிறது. இது எஸ்.எஸ்.ஐ. இல்லை, உழைத்த காலத்தில் செலுத்திய பங்குக்குக் கிடைக்கும் தொகை. 900-இல் 20 டாலரைத் தள்ளிவிட்டு மீதி 880-ஐ வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். எஸ்.எஸ்.ஐ. அதிகபட்சமான 967-இலிருந்து 880-ஐக் கழித்தால் 87. ஆக, 900-உம் 87-உம் சேர்த்து மாதம் 987 டாலரில் அவர் வாழ்கிறார். மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

இப்போது அவர், கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறேன் என்று ஒரு பாஸ் திட்டம் எழுதி, அனுமதி வாங்கிவிட்டார். எஸ்.எஸ்.டி.ஐ. பணத்தில் அந்த 880 டாலரையும் திட்டத்துக்கென ஒதுக்குகிறார். ஒதுக்கிய பணம் வருமானமாகக் கருதப்படாது அல்லவா? அதனால் அவருடைய எஸ்.எஸ்.ஐ. 87-இலிருந்து முழு 967 ஆக உயர்கிறது. கையில் வருவது 900-உம் 967-உம், மொத்தம் 1,867. அதில் 880 திட்டக் கணக்குக்குப் போகிறது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மிஞ்சுவது 987. முன்பு எவ்வளவில் வாழ்ந்தாரோ, அதே தொகை. வயிற்றைக் கட்டாமல் மாதம் 880 டாலர் சேர்கிறது. ஒன்றரை ஆண்டில் 15,840 டாலர். சமுதாயக் கல்லூரிக் கட்டணம், மடிக்கணினி, காரில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும் கருவி ஆகியவற்றை அதில் வாங்க வழி பிறக்கிறது.

பாஸ் திட்டத்தில் ஒதுக்குவதற்கு வேறு ஏதாவது பணம் இருக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சம்பளமோ, எஸ்.எஸ்.டி.ஐ. தொகையோ, வரம்புக்கு மேல் வந்த பரம்பரைச் சொத்தோ எதுவானாலும் சரி. எஸ்.எஸ்.ஐ. பணத்தையே எடுத்து ஒதுக்க முடியாது. வெறும் எஸ்.எஸ்.ஐ. மட்டும் வாங்கும் பரம ஏழைக்கு இந்த வாசல் திறப்பதில்லை. இது இத்திட்டத்தின் பெரிய குறை என்பது என் கருத்து.

விண்ணப்பத்துக்கு எஸ்.எஸ்.ஏ.-545 என்று எண். பல பக்கப் படிவம். அதில் கேட்கும் கேள்விகள் கறாரானவை. ஏதோ ஒரு வேலை என்று எழுத முடியாது. இன்ன வேலை என்று குறிப்பிட வேண்டும். உங்கள் உடல்நிலையில் அந்த வேலையைச் செய்ய முடியும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கார் வேண்டும் என்றால், பஸ்ஸிலோ வாடகை வண்டியிலோ போனால் ஏன் ஆகாது? சொந்தத் தொழில் என்றால் வணிகத் திட்டம் எங்கே? இந்தப் படிப்பு எந்த மாதம் முடியும், அடுத்த அடி எப்போது? எஸ்.எஸ்.டி.ஐ. வாங்குபவர் என்றால், அந்தத் தொகை இனி வேண்டாம் என்னும் அளவுக்கு அந்த வேலையில் சம்பளம் வருமா என்றும் பார்ப்பார்கள். ஒதுக்கும் பணத்தை மற்றப் பணத்தோடு கலக்காமல் வைத்திருக்க வேண்டும். செலவழித்ததற்கெல்லாம் ரசீது வைத்திருக்க வேண்டும். அவ்வப்போது அதிகாரிகள் திட்டத்தைப் பரிசீலிப்பார்கள். வீட்டு வாடகைக்கோ மளிகைக்கோ இந்தப் பணத்தைத் தொடக்கூடாது. வழியில் இலக்கை மாற்ற விரும்பினால் மாற்றலாம். முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும்.

கேட்பதற்குக் கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்விகளில் எனக்கு மரியாதை உண்டு. உடல் குறைபாடு உள்ளவரிடம் அரசு அலுவலகங்கள் வழக்கமாகக் கேட்பது, உன்னால் எதெல்லாம் முடியாது என்பதை. அதை நிரூபித்தால்தான் உதவியே கிடைக்கும். இந்தப் படிவம் ஒன்றுதான், உன்னால் என்ன செய்ய முடியும், எப்படிச் செய்யப் போகிறாய் என்று ஒரு வளர்ந்த மனிதரிடம் கேட்பதுபோல் கேட்கிறது.

அப்படியிருந்தும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. எஸ்.எஸ்.ஐ. வாங்குவோர் எழுபது லட்சத்துக்கும் மேல். பாஸ் திட்டம் வைத்திருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்குத்தான் இருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. அப்போது வேகமாகப் பரவியது. பணம் வாங்கிக்கொண்டு திட்டம் எழுதித் தரும் ஆட்கள் கிளம்பினார்கள். 1996-இல், அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அமைப்பு, பாஸ் திட்டம் மோசமாக நிர்வகிக்கப்படுகிறது என்று அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு இதற்கென்றே பயிற்சி பெற்ற அதிகாரிகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள், பரிசீலனை இறுகியது, எண்ணிக்கை சரிந்தது. தணிக்கை வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், இப்படி ஒன்று இருக்கிறது என்பதே உதவி வாங்கும் பலருக்குச் சொல்லப்படவில்லை. அதை நியாயம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சேமிப்புக்கு இன்னொரு வழியும் பிற்பாடு வந்தது. 2014 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஏபிள் சட்டம். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஸ்டீஃபன் பெக் என்பவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகளுக்காகப் பணம் சேர்த்து வைக்க முடியவில்லையே என்று பல ஆண்டுகள் இதற்காகப் போராடினார். சட்டம் கையெழுத்தாவதற்குச் சில நாள் முன்னால் இறந்துபோனார். சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஏபிள் கணக்கில் ஒரு லட்சம் டாலர் வரை இருந்தாலும் எஸ்.எஸ்.ஐ. பாதிக்காது. முன்பு, குறைபாடு 26 வயதுக்கு முன் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று இருந்தது. 2026 ஜனவரி முதல் அது 46 வயது ஆகியிருக்கிறது. முப்பது வயதில் விபத்தில் காலை இழந்தவருக்கும் இனி இடம் உண்டு. ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. உங்கள் சம்பளத்தை ஏபிள் கணக்கில் போட்டாலும், அது உங்கள் வருமானம்தான் என்று கணக்கிட்டு எஸ்.எஸ்.ஐ.யைக் குறைப்பார்கள். பாஸ் திட்டத்தில் ஒதுக்கினால் குறைக்க மாட்டார்கள்.

வேலை கிடைத்துவிட்டால் உதவி உடனே அடியோடு நின்றுவிடும் என்ற பயமும் பலரை முடக்கி வைக்கிறது. உண்மையில் சம்பளத்தில் முதல் 65 டாலரைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வேலை செய்யக் குறைபாடு காரணமாகவே ஆகும் செலவுகளையும் கழித்துக்கொள்ளலாம். சம்பளம் ஏறி எஸ்.எஸ்.ஐ. முழுக்க நின்றுபோனாலும், மெடிக்கெய்ட் என்னும் மருத்துவக் காப்பு ஒரு வரம்பு வரை தொடரும். 1986-இல் அதை நிரந்தரச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். மூச்சு இயந்திரத்தை நம்பி வாழ்பவருக்கு அந்தக் காப்புதான் சம்பளத்தைவிடப் பெரிது.

2,000 டாலர் வரம்பைப் பத்தாயிரமாக உயர்த்தும் மசோதாவை இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். 2025 வரை அது சட்டமாகவில்லை. அது நிறைவேறும் வரை, வேலைக்காகச் சேர்க்க விரும்புபவருக்குப் பாஸ் திட்டமும் ஏபிள் கணக்கும்தான் துணை.

உங்கள் மகனோ, மகளோ, அக்கா குடும்பமோ அங்கே இருந்து, அவர்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்த உதவியை வாங்கும் ஒருவர் இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது இதைச் சொல்லுங்கள். திட்டம் எழுத யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள தொழில் மறுவாழ்வுத் துறையில் இலவசமாக உதவுவார்கள். வேலைக்குப் போனால் உதவித்தொகை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஆலோசகர்களுக்கும் அரசே சம்பளம் கொடுக்கிறது. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பாஸ் அதிகாரி யார் என்று கேட்டால் தொடர்பு கொடுப்பார்கள். முன்மேசையில் இருப்பவருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம்; அப்போது படிவத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். 545.