ஒரு பியூஸைப் பிடுங்கினால்...

(சிட்லபாக்கத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

வேதியியல்காரன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, "பத்தே நிமிஷம்தான் சார்" என்று செயலாளர் காதோடு சொல்லியிருக்கிறார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய வீடுகளில் எந்த பியூஸ் எந்த அறைக்கு என்று எழுதியிருக்காது. ஒரு பியூஸ் கேரியரைப் பிடுங்குவோம். "ஹால் ஃபேன் நின்னுடுச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சரி, இது ஹாலுக்கு என்று புரிந்துவிடும். நம் உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வேலையை மட்டும் நிறுத்தி, என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் சிறிய மூலக்கூறுக்குத்தான் கெமிக்கல் புரோப் என்று பெயர். மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, "ஃபேன் நின்றது, ஆகவே இதுதான் ஃபேன் பியூஸ்" என்று ஒருவர் சொன்னால் சிரிக்க மாட்டோமா?

நான் அப்படிச் சொன்னவன்.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி என்னிடம் ஆராய்ச்சி செய்தாள். மஞ்சளிலுள்ள குர்குமின் ஒரு என்ஸைமைத் தடுக்கிறது என்பது எங்கள் கண்டுபிடிப்பு. என்ஸைம் வேலை செய்தால் ஒளி கூடும். குர்குமின் போட்டால் ஒளி குறைந்தது. "சார், என்ஸைம் இல்லாம வெறும் குர்குமினை மட்டும் போட்டுப் பார்க்கலாமா?" என்று அவள் முதல் வருடமே கேட்டாள். "முதல்ல இதை முடிம்மா" என்றேன். இரண்டு வருடம் கழித்துத்தான் பார்த்தோம். பாதித் தடை, மஞ்சள் நிறமே ஒளியை விழுங்கியதால் வந்தது. மீதி, குர்குமின் கரையாமல் திரண்டு, அந்தத் திரளில் என்ஸைம் ஒட்டிக்கொண்டதால் வந்தது. துளி டிடர்ஜென்ட் சேர்த்ததும் அதுவும் மறைந்தது. கட்டுரையைக் கிழித்துப் போட்டோம். உதவித்தொகை முடிந்தபின் வேறொரு தலைப்பில், கைக்காசைச் செலவழித்து, ஒரு வருடம் தாமதமாக அவள் பட்டம் வாங்கினாள். அந்த ஒரு வருடத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

நான் மட்டும் ஏமாறவில்லை. பல சோதனைகளில் பொய்யாக 'பாஸ்' ஆகும் மூலக்கூறுகளின் வகைகளை 2010ல் பெல், ஹாலோவே என்ற இருவர் தொகுத்துக் காட்டினார்கள். குர்குமினைப் பற்றி 2017ல் நெல்சனும் சகாக்களும் விரிவாக எழுதினார்கள். அது ஒளிரும், உலோகங்களைப் பற்றும், புரதங்களோடு வினைபுரியும், உடல் வெப்பத்தில் சாதாரண பஃபர் கரைசலில் அரை மணிக்குள் பெரும்பகுதி சிதைந்தும் விடும். 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், முறையான ஒப்பீட்டுச் சோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் முடிவு.

உடனே, "அப்போ பாட்டி சொன்னது பொய்யா?" என்று கேட்காதீர்கள். குழம்பில் மஞ்சள் போடுவது வேறு கேள்வி. குர்குமின் ஒரு நல்ல புரோபா என்பது வேறு கேள்வி.

அப்படியென்றால் நல்ல புரோப் எது? 100 நானோமோலாருக்கும் குறைந்த அளவிலேயே இலக்கைப் பிடிக்க வேண்டும். அதே குடும்பத்துப் புரதங்களைவிட 30 மடங்காவது இலக்கையே நாட வேண்டும். உயிரணுவுக்குள் 1 மைக்ரோமோலாருக்குள் வேலை செய்ய வேண்டும். இத்தோடு, வேலை செய்யாத ஒரு 'இரட்டைப் பிறவி'யும் வேண்டும். 2010ல் வெளிவந்த ஜேக்யூ1 இதற்கு அழகான உதாரணம். அதன் கண்ணாடி பிம்ப மூலக்கூறு இலக்கில் ஒட்டாது. இரண்டையும் போட்டு, ஒன்று மட்டும் வேலை செய்தால் நம்பலாம். அதோடு, வேறு அமைப்புள்ள இரண்டாவது புரோபும் அதே பதிலைச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் செய்கிறோமா? 2023ல் 662 ஆய்வுக் கட்டுரைகளை அலசினார்கள். சரியான அளவு, செயலற்ற ஜோடி, இரண்டாவது புரோப் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தவை வெறும் 4 சதவீதம்!

மாணவச் செல்வங்களே, பக்கத்தில் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. மூலிகை ஆராய்ச்சியில் உங்களில் பலருக்கு ஆசை. அது நல்ல ஆசைதான். ஆனால் பாட்டில் மேல் ஒட்டிய லேபிளை நம்பி வாங்காதீர்கள். 2015ல் தொடங்கிய கெமிக்கல் புரோப்ஸ் போர்ட்டலில் நிபுணர்கள் நான்கு நட்சத்திரம் வரை மதிப்பிட்டிருக்கிறார்கள்; தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலும் உண்டு. காசு கிடையாது. பலன் தெரியவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அது மெயினை அணைப்பது மாதிரி. டிடர்ஜென்ட் சோதனைக்கும், என்ஸைம் இல்லாத சோதனைக்கும் ஒரு மத்தியானம் போதும்.

இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவர் "கன்ட்ரோல் வைக்கலாமா சார்?" என்று கேட்டால், அன்றைக்கே "வைம்மா" என்று சொல்லிவிடுங்கள்.