அணையா அடுப்பும் அடைத்த கதவும்



அகவாழ்வு, அதாவது மனிதன் தனித்திருந்து தன்னையே ஆராய்ந்து தெளியும் வாழ்வு, உலகக் கடமைகள் யாவும் தீர்ந்த பின்னரே கைகூடும் என்னும் எண்ணம் தமிழரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு என்பதற்கு வடலூர் இராமலிங்க அடிகளின் வாழ்வைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1865-இல் சன்மார்க்க சங்கம் கண்ட அடிகள், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். தருமச்சாலை என்பது சாதியும் சமயமும் கேளாமல் பசித்து வந்தவர் எவருக்கும் சோறிடும் இல்லம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. ஒளி வழிபாட்டுக்குரிய சத்திய ஞான சபையோ 1872 தைப்பூசத்தன்றுதான் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. முதலில் அடுப்பு, பிறகே சபை என்னும் இந்த வரிசையில் அவருடைய நெறி முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏனெனில், பிற உயிரின் துன்பம் கண்டு உருகும் ஜீவகாருண்யமே இறைவனை அடையும் வழி என்று அவர் போதித்தார். எனினும் அவர் இடையறாது வெளிப்பணியில் கரைந்துபோனவர் அல்லர். 1870 முதல் அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில் தங்கித் தனிமையை நாடினார். 1874 ஜனவரி 30 அன்று அங்கே அறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். கதவு அடைபட்ட பின்னும் தருமச்சாலையில் சோறு வெந்துகொண்டுதான் இருந்தது.

இவ்வாறே மலேசியாவிலும், சுவாமி சத்தியானந்தா நிறுவிய சுத்த சமாஜம், தியானத்தையும் ஆதரவற்ற பிள்ளைகளின் வளர்ப்பையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. 1961-இல் அவர் மறைந்தபின் அன்னை மங்களம், 2023-இல் தாம் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார்.

தனிமைக்கும் தொண்டுக்கும் இடையே சமநிலை வேண்டும் என்பதைப் பெக்கான் நானாஸ் ஊரின் அன்னாசித் தோட்டத்தார் மண்ணிலேயே அறிவர். மலாய் மொழியில் தானா கம்புட் எனப்படும் கரிச்சதுப்பு மண்ணில் வடிகால் வெட்டாவிட்டால் வேர் அழுகும். அளவுமீறி வடித்தாலோ மண்ணே காய்ந்து தீப்பற்றும். ஆகவே வாய்க்காலின் நீர்மட்டத்தைக் கவனித்துக் காப்பதே தேர்ந்த உழவின் இலக்கணம்.

அந்தச் சமநிலையைப் பயில, வரும் தைப்பூச விரத நாட்களில், இவ்வூர்க் குடும்பம் ஒவ்வொன்றும் அதிகாலையில் அரைமணி நேரம் மௌனமாக அமர்ந்திருக்கவும், அதே வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பாடத்துக்கோ, தனித்து வாழும் முதியவர் ஒருவரின் வீட்டுக்கோ ஒதுக்கவும் பெக்கான் நானாஸ் அவை அன்போடு வேண்டிக்கொள்கிறது.